வகுப்பறை இணையத்தளமும் கடைசிச் சில கிலோமீட்டர்களும்

ஹட்டனில் ஓர் ஆசிரியர் தரம் 10 அறிவியலுக்குச் செயலட்டை ஒன்றைத் தயாரித்து இணையத்தில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மேசைக் கணினியில் அது அழகாகத் தெரிகிறது. தொட்டவுடன் திறக்கிறது. அதே செயலட்டையை மலையக ஊரான நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே, ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கும் மாணவி அம்மாவின் போனில் திறக்கிறாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நிமிடங்களுக்குப் பிறகு பாதிப் பக்கம் வருகிறது. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. படம் வரவே இல்லை.

பாடம் ஒன்றுதான். கேள்விகளும் மாறவில்லை. அப்படியானால் வழியில் என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், வகுப்பறை இணையத்தளம் ஒன்றை எப்படி வடிவமைப்பது, எப்படிக் கட்டுவது என்ற முழுக் கலையும் அதற்குள் அடங்கியிருப்பது தெரியும். உலகம் முழுவதும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் இதைத் தங்கள் ஆய்வுத் திட்டமாக எடுத்துச் செய்திருக்கிறார்கள். பட்டமேற்படிப்பு மாணவர்களாக இருந்தவர்கள் தொடங்கிய இரண்டு திட்டங்கள் ஏராளமான பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்துள்ளன.

முதலில் அடிப்படை. வகுப்பறைத் தளம் என்பது எழுதி வைக்கப்பட்ட பக்கங்களின் கட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒரே முகவரியை ஆசிரியர் திறந்தால் நாற்பது பேரின் புள்ளிகளும் தெரிகின்றன; மாணவி திறந்தால் அவளுடைய புள்ளி மட்டும் தெரிகிறது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக யாரும் பக்கம் எழுதி வைக்கவில்லை. தோட்டத்துச் செக்ரோலை நினைத்தால் இது எளிதாக விளங்கும். யார் எந்த நாளில் பேர் போட்டார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று ஒரே பதிவேட்டில்தான் எழுதுகிறார்கள். அதிலிருந்தே ஒருவருடைய சம்பளச் சீட்டும் வருகிறது, ஆபிசின் மாதக் கணக்கும் வருகிறது. கேட்பவர் யார், அவருக்கு எதைப் பார்க்க உரிமை உண்டு என்பதைப் பொறுத்து அதே பதிவிலிருந்து வேறு வேறு தாள்கள் உருவாகின்றன.

வகுப்பறைத் தளத்தில் அந்தப் பதிவேட்டின் பெயர் தரவுத்தளம். பாடங்கள், கேள்விகள், விடைகள், புள்ளிகள் எல்லாம் அங்கே துண்டு துண்டாக இருக்கும். அது இருக்கும் கணினியை வழங்கி என்கிறோம். அதில் ஓடும் நிரல் ஒன்று, கேட்பவரை அடையாளம் கண்டு, அவருக்கு உரியதை மட்டும் எடுத்துக் கோத்து, அந்தக் கணத்தில் ஒரு பக்கத்தை உண்டாக்கி அனுப்புகிறது. போனில் இருக்கும் உலாவி அதைப் படித்துத் திரையில் வரைகிறது. வழங்கி, தரவுத்தளம், உலாவி ஆகிய இந்த மூன்றுக்கும் இடையிலான போக்குவரத்துதான் வகுப்பறை இணையத்தளம். பிள்ளைகளின் விவரங்கள் அதில் இருப்பதால், யாருக்கு எது தெரிய வேண்டும் என்ற முடிவைக் கட்டும்போதே எடுத்துவிட வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை நல்ல பழக்கம் என்ற நிலையைத் தாண்டிச் சட்டக் கடமையாக வகுக்கிறது.

இந்தப் போக்குவரத்தைப் பற்றி ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ். அவர் வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில். நகரத்துக்குப் போக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடக்க வேண்டும். அங்கே பிள்ளைகளுக்கு ‘வானொலிப் பள்ளி’ என்ற ஏற்பாடு இருந்தது. ஆசிரியர் தொலைதூரத்திலிருந்து சிற்றலை வானொலியில் பேசுவார். பாடத்தாள்கள் தபாலில் வரும். ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் படிப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

1990களின் பிற்பகுதியில் பேர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் அவர் வெப்சிடி என்ற வகுப்பறை மென்பொருளை நிர்வகித்து வந்தார். அது கட்டணம் செலுத்தி வாங்கும் மென்பொருள். உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து திருத்த முடியாது. ஆசிரியர்கள் கேட்ட மாற்றங்களைச் செய்ய வழியில்லாமல் போனபோது, சொந்தமாக ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கணினி படித்திருந்தவர், அதற்காகக் கல்வியியலில் பட்டமேற்படிப்புக்குச் சேர்ந்தார். திறந்த மூல மென்பொருள் இணையவழிக் கற்றலுக்கு எப்படித் துணைசெய்யும் என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் பொருள். அந்த ஆய்வோடு சேர்ந்து வளர்ந்த தளம்தான் மூடில். அதன் முதல் முழுப் பதிப்பு 2002 ஆகஸ்ட் 20 அன்று வெளியானது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு அது வந்தது.

இன்று இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் மூடில் ஓடுகிறது. தமிழ் மொழித் தொகுப்பும் அதற்கு உண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழக மாணவர்கள் பாடம் எடுத்துக்கொள்வது அதில்தான். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் மூடிலின் மீது கட்டப்பட்டதே. நோட்டன் பிரிட்ஜில் ஒரு பிள்ளை ஈ-தக்சலாவவைத் திறக்கும்போது, பாலைவனத்தில் வளர்ந்த ஒருவர் முனைவர் பட்டத்துக்காகத் தொடங்கிய வேலையைத்தான் தொடுகிறது.

அந்த ஆய்வில் நிரலைவிட முக்கியமானது ஒன்று உண்டு: தளம் உண்மையில் பயன்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டூகியாமஸ் தம் ஆய்வு வழிகாட்டி பீட்டர் டெய்லரோடு சேர்ந்து, டெய்லரின் சொந்தப் பாடவகுப்பையே மூடிலில் நடத்திப் பார்த்தார். மாணவர்களின் கருத்தை அறிய 24 கூற்றுகள் கொண்ட கேள்விக்கொத்து ஒன்று இருந்தது. டெய்லரும் டோரிட் மாவோரும் அதை உருவாக்கியிருந்தார்கள். பாடம் எனக்குப் பொருத்தமானதா, யோசிக்க வைக்கிறதா, சக மாணவர்கள் எனக்குப் பதில் சொல்கிறார்களா, ஆசிரியர் ஊக்கம் தருகிறாரா என்பன போன்ற ஆறு தலைப்புகளில் கூற்றுகள் அமைந்திருந்தன. இதன் சிறப்பு, ஒரே கூற்றுகளை இரண்டு விதமாகக் கேட்பதுதான். ‘எப்படி இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும்?’ என்பது ஒன்று. ‘உண்மையில் எப்படி இருக்கிறது?’ என்பது மற்றது. இரண்டு விடைகளுக்கும் இடையில் இடைவெளி எங்கே அதிகமோ, அங்கேதான் வடிவமைப்பு தவறியிருக்கிறது. இந்தக் கேள்விக்கொத்து பல ஆண்டுகள் மூடிலோடு சேர்ந்தே வந்தது.

மூடிலின் பின்னால் இன்னொரு எண்ணமும் உண்டு. மற்றவர்கள் பார்ப்பதற்காக ஒன்றைச் செய்யும்போதுதான் மனிதர் நன்றாகக் கற்கிறார் என்பது சீமோர் பாப்பர்ட் என்ற கணித அறிஞர் முன்வைத்த கருத்து. ஆசிரியர் ஏற்ற, மாணவர் இறக்குவது மட்டும் போதாது. மாணவரும் எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், பிறர் எழுதியதைத் திருத்த வேண்டும். நோட்டன் பிரிட்ஜ் பிள்ளைகளுக்கு இதற்குப் பொருள் கண்முன்னே ஓடுகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றுகிறது. 1965இல் தொடங்கிய அந்நிலையத்தின் திறன் 50 மெகாவாட். அங்கிருந்து வெளியேறும் நீர் நோட்டன் அணையில் தேங்கி, மீண்டும் மலையிறங்கி, 1950இல் தொடங்கிய பழைய லக்சபான நிலையத்துக்குப் போகிறது. ஒரே நீர் அடுத்தடுத்து மின்சாரம் தருகிறது. ஆற்றல் மாற்றம் பற்றிய பாடத்தை இவ்வூர்ப் பிள்ளைகள் தாங்களே எழுதித் தளத்தில் வைத்தால், கொழும்புப் பிள்ளைகள் அதிலிருந்து படிக்கலாம்.

இனி அந்த ஜே, கே, பி, ஓ விவகாரம்.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்று உலகம் முழுவதும் ஒத்துக்கொண்டால்தான் ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்கலாம். ஒருங்குறி என்பது அந்த உடன்பாடு. 1991இல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ‘த’ என்பதற்கு 2980, ‘ம’ என்பதற்கு 2990. ‘தமிழ்’ என்ற சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாகப் பயணம் செய்கிறது. இடையில் வரும் 3007 இகரக் குறி, கடைசி 3021 மெய்யின் புள்ளி.

இலங்கையில் பல ஆண்டுகள் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துரு வேறு வழியில் போனது. ஆங்கில எழுத்துகளின் எண்களையே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றி வரைந்தது. ஜே என்ற எழுத்தின் எண்ணுக்கு ‘த’ என்ற படம், கே என்பதற்கு ‘ம’, அரைப்புள்ளிக்கு மெய்ப்புள்ளி. பாமினி நிறுவப்பட்ட கணினியில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அது இல்லாத போனில் எண்கள் தங்கள் உண்மை உருவத்தைக் காட்டிவிடும். மாணவி பார்த்தது அதைத்தான். அவள் போனில் குற்றம் எதுவும் இல்லை. பாடம் தமிழில் சேமிக்கப்படவே இல்லை என்பதே உண்மை. பாமினியில் சேமித்த பாடத்தை இணையத்தில் தமிழில் தேடினாலும் கிடைக்காது. பார்வையற்ற மாணவருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளும் அதைப் படிக்காது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தமிழ் ஒருங்குறிக்கும் விசைப்பலகைக்குமான நியமத்தை 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற எண்ணில் வெளியிட்டுவிட்டது. பழைய பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் இலவசமாக உண்டு. எனவே வகுப்பறைத் தளம் கட்டுபவரின் முதல் விதி: ஒருங்குறி அல்லாத ஒரு வரியும் உள்ளே வரக்கூடாது.

அடுத்தது, சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்.

வழங்கி தொலைவில் இருப்பதால்தான் தாமதம் என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும். இலங்கையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்பி வர நொடியில் நூறில் மூன்று பங்கு போதும். கடலடிக் கம்பி வளைந்து சென்றாலும் அதைவிட மிக அதிகமாகாது. நோட்டன் பிரிட்ஜில் பாடம் நிமிடக் கணக்கில் தாமதிப்பதற்குக் கடல் காரணமாக முடியாது. காரணம், கோபுரத்துக்கும் லயத்துக்கும் இடையில் இருக்கும் கடைசிச் சில கிலோமீட்டர்கள். போன் கோபுரத்தின் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. கெகல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கில் ஒரு மலைமுகடு குறுக்கே நின்றால், அதன் மறுபுறம் அலை நிழல் விழுகிறது. அங்கே வந்து சேரும் சமிக்ஞை மெலிந்து, பிழைபட்டு வரும்.

இணையத்தில் எதுவும் முழுதாகப் பயணம் செய்வதில்லை. ஏறத்தாழ 1,500 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே போகும். ஒரு தமிழ் எழுத்து அல்லது குறியை அனுப்ப மூன்று பைட் தேவை. ஒரு பக்கப் பாடக் குறிப்பில் 2,000 எழுத்துகளும் குறிகளும் இருந்தால் 6,000 பைட், அதாவது நான்கு பொட்டலங்கள். அதே பக்கத்தைக் கையால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பினால் 3 மெகாபைட், அதாவது இரண்டாயிரம் பொட்டலங்கள். மாணவி படிக்கும் செய்தி ஒன்றுதான். சுமை ஐந்நூறு மடங்கு.

தமிழுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. மூன்று பைட்டுகளில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. இரண்டாவதில் இரண்டே வகை. மூன்றாவதில்தான் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி அனுப்பும் வசதி பெரும்பாலான வழங்கிகளில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் நான்கு பொட்டலம் இன்னும் குறையும்.

பொட்டலம் தொலைந்தால் என்ன ஆகும்? மீண்டும் அனுப்பப்படும். அத்தோடு நிற்பதில்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், சுமார் 400 கெஜம் தள்ளியிருந்த இரண்டு இடங்களுக்கு இடையிலான இணைப்பு நொடிக்கு 32,000 பிட் என்ற வேகத்திலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் தொலைந்த பொட்டலங்களை எல்லாக் கணினிகளும் அவசரமாகத் திருப்பித் திருப்பி அனுப்பியதே காரணம் என்று வான் ஜேக்கப்சன் ஆராய்ந்து கண்டார். பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் வேகத்தை உடனே குறைக்க வேண்டும் என்ற விதியை 1988இல் முன்வைத்தார். இணையம் நொறுங்காமல் தப்பியது அதனால்தான். ஆனால் மலைநாட்டில் பொட்டலம் தொலைவது நெரிசலால் மட்டும் இல்லை. அலை மெலிவதாலும் தொலைகிறது. அந்தப் பழைய விதியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வழியில் கூட்டம் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஏற்கெனவே மெதுவான இணைப்பு மேலும் மெதுவாகிறது. இரண்டாயிரம் பொட்டலம் கொண்ட படம் பாதியில் நின்றுபோக, நான்கு பொட்டலக் குறிப்பு எப்படியோ வந்துசேர்வதன் காரணம் இதுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு இந்த உண்மை நாடெங்கும் வெளியே தெரிந்தது. ஊவாப் பக்கத்துக் கிராமமொன்றின் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே நடந்து பாறை உச்சியில் உட்கார்ந்து படித்த செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து அளக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைசியில் நிற்பது தோட்டம்தான். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் கணித, அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறை. ஆசிரியர் இல்லாத இடத்தில்தான் தளம் அதிகம் தேவைப்படுகிறது. அதே இடத்தில்தான் அது திறக்க மறுக்கிறது.

இங்கேதான் இரண்டாவது திட்டம் உதவுகிறது. ஜேமி அலெக்சாந்தர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தார். 2012இல் இணையவழிக் கல்வி நிறுவனமான கான் அகாடமியில் பயிற்சிக்குப் போனபோது, அங்கே குவிந்திருந்த பாடக் காணொளிகள் இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு எட்டாமல் இருப்பது அவருக்கு உறுத்தியது. நண்பர்களோடு சேர்ந்து அந்த ஆண்டின் இறுதிக்குள் கேஏ லைட் என்ற மென்பொருளை வெளியிட்டார். வழங்கியை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவருவது அதன் வழி. கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை கணினி ஒன்றில் பாடங்களையும் பயிற்சிகளையும் ஏற்றிவிட்டால், அது சிறிய வைஃபையைப் பரப்பும். வகுப்பிலுள்ள போன்கள் அதோடு இணைந்துகொள்ளும். இணையமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். அதிலிருந்து வளர்ந்த கோலிப்ரி மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது.

இதற்கு இடைப்பட்ட வழியும் உண்டு. மூடிலின் போன் செயலியில் பாடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலே படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாத்தாளுக்கும் விடையளிக்கலாம். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் விடைகள் தாமாகவே வழங்கிக்குப் போகும். பாடசாலையில் இறக்கிக்கொண்டு வீட்டில் படிப்பது, மறுநாள் வந்து ஒப்படைப்பது என்ற ஒழுங்கு இதனால் கைகூடும்.

இவற்றையெல்லாம் அறிந்து ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் வகுப்பறைத் தளம் ஒன்றைக் கட்ட வந்தால், வேலையை எங்கே தொடங்க வேண்டும்? நிரலில் தொடங்கக் கூடாது. எந்தப் பாடம், எந்த வகுப்பு, வீட்டில் எத்தனை பேருக்கு ஒரு போன், அது எந்த நேரத்தில் பிள்ளையின் கைக்கு வரும் என்று கேட்டறிவதே முதல் படி. பெற்றோர் வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் கிடைக்கும் என்றால், மாலை நான்கு மணி நேரலை வகுப்பால் பயனில்லை. உடன்பிறந்த மூவருக்கும் ஒரே போன் என்றால், ஒருவர் வெளியேறி மற்றவர் நுழைவது இரண்டு தொடுகையில் முடிய வேண்டும்.

இரண்டாவது படி, பக்கங்களைத் தாளில் வரைந்து பிள்ளைகளிடமே காட்டுவது. மூன்றாவது, சிறு மாதிரியைக் கட்டி ஐந்து பேரிடம் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பது. ஐந்து என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் பல சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு பயனரைக் கவனித்தாலே குறைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவு தெரிந்துவிடுவதையும், அடுத்தடுத்தவர்கள் பெரும்பாலும் அதே குறைகளில் தடுக்கி விழுவதையும் கண்டார்கள். ஐந்து பேரோடு நிறுத்தி, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் போவது ஐம்பது பேரை ஒரே தடவையில் சோதிப்பதைவிடப் பயன் தரும். ஆனால் அந்த ஐவரும் பல்கலைக்கழக நண்பர்களாக இருந்தால் சோதனைக்குப் பொருளில்லை. விலை குறைந்த போனோடு, பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

கடைசிப் படி அளவீடு. யார் எப்போது வந்தார், எந்தப் பக்கத்தில் விட்டுப் போனார் என்பதை வழங்கி தானே குறித்து வைக்கிறது. எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால், அங்கே பாடம் கடினமா, படம் கனமா என்று பார்க்க வேண்டும். ‘பிடித்திருக்கிறதா?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ‘ஆம்’ என்பார்கள். எப்படி இருந்தால் நல்லது, இப்போது எப்படி இருக்கிறது என்று தனித்தனியே கேட்டால் உண்மை வரும்.

பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் கணினியோ கல்வியியலோ படிக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையகத்தில் ஒரு பாடசாலை, ஒரு வகுப்பு, ஒரு பாடம் என்று தேர்ந்தெடுங்கள். மூடில், கோலிப்ரி இரண்டும் இலவசம். புதிதாக நிரல் எதையும் எழுதத் தேவையில்லை. பாடங்களை ஒருங்குறித் தமிழில் தாருங்கள், படங்களைச் சுருக்குங்கள், இணையம் இல்லாமலும் திறக்கும்படி செய்யுங்கள். திட்டம் முடிந்து பட்டம் கிடைத்த பிறகு தளத்தைக் கைவிட்டுவிடாமல், அதை நடத்தும் முறையை அந்தப் பாடசாலையின் ஓர் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.